பிக்னிக் லாத்தாவுக்கு ஒரு சாட்சி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனேன். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாட்சி சொல்ல முடியாதவர்களுக்குக் கதை சொல்வதுதான் மிச்சம்.

பகலில் நான் சிப்பிகாட்டில் ஒரு நாற்றுப் பண்ணையில் கன்றுகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிறேன். மாலையில் போர்ட் பிளேருக்குப் பஸ் ஏறி, இந்தியில் அலுவலகக் கடிதம் எழுதும் வகுப்புக்குப் போகிறேன். அங்கே தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். தேதி, இடம், நடந்தது. மூன்று வாக்கியம்தான் அனுமதி. நான்காவதை வாத்தியார் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஆகவே நான்காவது வாக்கியத்தைத் தாண்டி நான் எழுதும் முதல் விஷயம் இது. தாண்டியது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) மெஹருன்னிசா அன்று காலை கடலைப் போல அமைதியாக [கைவிட்டேன். தீவில் பிறந்த யாரும் கடலுக்கு இப்படி நற்சான்றிதழ் கொடுக்க மாட்டார்கள்.]

(ஆ) மனநோய் என்பது யாதெனில் [இது கட்டுரை. வாத்தியாருக்குப் பிடிக்கும். கைவிட்டேன்.]

(இ) நோய் உச்சத்தில் இருந்த நாளில் ஒரே கையெழுத்தில் இருபத்துமூன்று கப்பல் டிக்கெட் வாங்கிய பெண்ணுக்கு, குணமான பிறகு நாற்பது நிமிடம் பேச அனுமதி கிடைக்கவில்லை. [இது இருக்கட்டும்.]

2

மெஹருன்னிசாவுக்கு முப்பத்தெட்டு வயது. போர்ட் பிளேரில் அபர்தீன் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் பட்டன், நூல், ஜிப் விற்கும் கடை. தம்பி அன்வர் குடும்பத்தோடு கடையின் மேல்மாடியில் இருக்கிறாள். நான்கு வருடத்துக்கு முன் ஐந்து நாள் அவள் தூங்கவில்லை. தூக்கம் தேவையும் படவில்லை. ஆறாம் நாள் சந்தில் வீடு வீடாகப் போய் எல்லாருடைய ஐலண்டர் கார்டையும் (தீவுவாசிகளின் அடையாள அட்டை) வாங்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போனாள். தெற்கே இன்னொரு தீவில் உள்ள ஹட் பேவுக்கு இருபத்துமூன்று டிக்கெட். கவுண்டரில் இருந்தவர் எதற்கு என்று கேட்கவில்லை. இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார், போட்டாள்.

சந்தே கிளம்பியது. அருவியில் குளித்தார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், அந்தாக்ஷரி பாடினார்கள். அதைப் போல ஒரு பிக்னிக் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். அதற்கு நோய் என்று பெயர் வந்தது திரும்பும் வழியில்தான். கப்பல் மெதுவாகப் போகிறது, கடல்மேல் நடந்து முன்னால் போய் எல்லாருக்கும் டீ போட்டு வைக்கிறேன் என்று அவள் கம்பித் தடுப்பில் ஏறினாள். ஒரு கால் அந்தப் பக்கம் போய்விட்டது. சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் நாகராஜ் இடுப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, போர்ட் பிளேர் வரும்வரை விடவில்லை.

பிறகு நான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். [இந்த நான்கு மாதத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். சுவர் என்ன நிறம் என்று அவளிடம் கேட்டேன். “நெறமா? அப்ப நெறமெல்லாம் ஏது?” என்றாள். இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.]

டாக்டர் அதற்கு இருமுனை மனநிலைக் கோளாறு என்றார். சந்து அவளுக்கு ‘பிக்னிக் லாத்தா’ என்று பெயர் வைத்தது. லாத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா. மாத்திரை தவறுவதில்லை, நான்கு வருடமாகக் கடையை அவள்தான் நடத்துகிறாள். ஆனால் அன்றிலிருந்து அவள் கையெழுத்துக்கு மட்டும் மதிப்பில்லை. வங்கிக்கு அன்வர் கையெழுத்து. கூரியர்காரன்கூட, “பாயி இல்லியா?” என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறான். அடுத்தவர் தனக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை என்ற நிலைக்காவது வந்துவிடலாம் என்றுதான் என் வகுப்பில் சேர்ந்தாள். அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இந்தி பேசுவாள், எழுத்து இப்போதுதான் கூட்டிப் பழகுகிறாள்.

3

வினோத்குமார் மெயின்லேண்டிலிருந்து வந்த ஆராய்ச்சி உதவியாளர். இருபத்தாறு வயது, கையில் கோப்பு, சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை. அவர் வந்து உட்கார்ந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். திங்கட்கிழமை மாத்திரை வாங்கப் போன மெஹருன்னிசா அந்தப் பட்டன் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“எத்தனை ஊசி தம்பி?”

“ஊசியே இல்ல மேடம். பேச்சு மட்டும்தான், நாற்பது நிமிஷம். ரெக்கார்ட் பண்ணிக்குவோம்.”

“என்னத்தைப் பேச?”

“மனநிலை நோய் உள்ளவங்களை ஆராய்ச்சியில சேர்க்கறப்போ பாதுகாப்புக்குன்னு சில விதி வெச்சிருக்கோம். வீட்டாள் கையெழுத்து, சாட்சி, சொன்னது புரிஞ்சுதான்னு ஒரு சின்ன டெஸ்ட். இந்த விதியெல்லாம் உங்களுக்கு எப்படித் தோணுதுன்னு உங்க வாயாலேயே கேட்கணும்.”

மெஹருன்னிசா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். நான்கு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி அது.

“இப்பவே சொல்லட்டுமா?”

“இல்ல மேடம். அதுக்கு முன்னாடி வீட்டாள் கையெழுத்து, சாட்சி, புரிஞ்சுதான்னு ஒரு சின்ன டெஸ்ட்…”

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதில் உள்ள வேடிக்கை உங்களுக்குத் தெரியவில்லையா என்று பிறகு அவரிடம் நானே கேட்டேன். தெரியும் என்றார். ஒப்புதல் கமிட்டியில் ஒருவர் இதை எழுப்பினாராம். குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்களாம்.]

படிவம் பதினான்கு பக்கம், இந்தியிலும் ஆங்கிலத்திலும். தமிழ்ப் படிவம் ஒப்புதலுக்குப் போனது, திரும்பவில்லை. பங்கேற்பவருக்கு எழுத்து தெரியாத மொழி என்றால், தெரிந்த மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. சனிக்கிழமை அவருக்கு விமானம்.

“பட்டனாவது தைச்சுத் தரட்டுமா? பையில இருக்கு. கடல்நீலம், நாலு ஓட்டை. பொருந்தும்.”

“ஐயோ, வேணாம் மேடம். பங்கேற்பாளர்கிட்ட எதுவும் வாங்கக் கூடாது. அதுவும் உங்க பாதுகாப்புக்குத்தான்.”

“ஒரு பட்டன்லயா நான் அழிஞ்சு போயிருவேன்?”

இங்கே ஒரு சந்தேகம். கதைக்கு ஒரு வில்லன் தேவை, வினோத்குமாரைத் தவிர எனக்கு ஆள் இல்லை. ஒரு வரைவில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். இன்னொன்றில் கடிகாரத்தைப் பார்க்க வைத்தேன். இரண்டும் ஒட்டவில்லை. அவர் அன்று மெதுவாகச் சொன்னதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைக்கிறேன்: “முன்னாடியெல்லாம் எங்களை மாதிரி ஆளுங்க ஒரு வார்த்தை கேட்காமலே என்னென்னவோ பண்ணியிருக்காங்க மேடம். இந்த விதியெல்லாம் உங்களைக் காப்பாத்த வந்தது.”

“யாருகிட்டேயிருந்து?”

“எங்ககிட்டேயிருந்து.”

“நீங்க நல்ல புள்ளையாத்தானே தெரியிறீங்க,” என்றாள். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஒப்புதல் இன்னும் ஆகவில்லை அல்லவா.

4

செவ்வாய்க்கிழமை சோதனை. ஐந்து கேள்வி.

“நடுவில நீங்க விலகிட்டா உங்க சிகிச்சை நின்னுடுமா?”

“நிக்காது. நின்னா மேலதிகாரிக்கு எழுதுவேன், இந்தியில. அந்தப் பாடம்தான் இப்ப நடக்குது.”

ஐந்துக்கு ஐந்து. அதன்பிறகு அன்வர் ஸ்கூட்டரில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“எங்க போடணும்?”

“சார், முதல்ல ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு…”

“டாக்டர் சாப், நீங்க படிச்சவங்க. தப்பாவா எழுதியிருப்பீங்க?” மூன்று இடத்தில் போட்டான். மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர் போட வேண்டிய கோடு.

“என்னத்துக்குன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூட மாட்டியா அன்வரு?” என்றாள் மெஹருன்னிசா.

“உனக்கு நல்லதுன்னுதானே போடுறேன் லாத்தா. டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே.” ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

அவனுக்கு அக்காமேல் உயிர். அந்தப் பிரியம் முழுவதும் கையெழுத்தாகத்தான் வெளியே வரும். நான்கு வருடமாக அவன் போட்ட கையெழுத்தில் ஒன்றையாவது படித்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலிக்காது. பதினான்கு பக்கத்தையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னவள் அவள். ஒரு பக்கமும் பார்க்காதவன் அவன். படிவத்தில் இரண்டு கையெழுத்தும் ஒரே நீளக் கோட்டில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

5

புதன்கிழமை சாட்சி தேடினார்கள். விதி இது: தமிழும் தெரிய வேண்டும், இந்தியோ ஆங்கிலமோ படிக்கவும் வேண்டும். சொந்தக்காரராக இருக்கக் கூடாது. மருத்துவமனை ஊழியர் கூடாது. பங்கேற்பவரை முன்பே அறிந்தவராக இருக்கக் கூடாது.

மெயின்லேண்டில் யோசித்து எழுதிய விதி. அங்கே தெருவில் இறங்கிக் கையை நீட்டினால் தெரியாத ஆள் கிடைப்பார்.

பக்கத்து வங்கி வாசலில் நின்ற காவலாளி கவிப்ரியா மெஹருன்னிசாவின் சின்னம்மா வீட்டில் வாடகைக்கு இருப்பவள். எக்ஸ்ரே எடுக்க வந்திருந்த ராஜவேல் ஜிப் வாங்கி மாற்ற வந்து சண்டை போட்டவர். மருத்துவமனைக்கு எதிரே டீக்கடை போட்டிருந்த இன்னொருவர் கிளாஸைக் கழுவியபடியே, “அட, பிக்னிக் லாத்தா! அடுத்த டிரிப் எப்ப?” என்றார். வரிசையில் நின்ற சுற்றுலாப் பயணிக்கு அவளைத் தெரியாது, தமிழும் தெரியாது. பிற்பகலுக்குள் ஒன்று தெளிவாகிவிட்டது. தீவில் தமிழ் தெரிந்த எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. அவளைத் தெரியாத ஒருவருக்கும் தமிழ் தெரியவில்லை.

நாகராஜ் கடையைப் பூட்டிவிட்டே வந்தார். “நான் இவளைப் பாத்ததே இல்லைன்னு எழுதிக் குடுக்குறேன், எங்க போடணும்?”

“அது பொய்யில்லையா சார்?”

“பொய்தான். எந்த உண்மையைச் சொன்னா கையெழுத்து வாங்குவீங்க, அதைச் சொல்லுங்க.”

கடைசியாக நான் போனேன். சகமாணவி, முன்பே அறிமுகம், தகுதியில்லை. வினோத்குமார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அன்று மாலை வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது நான் அவளிடம் கேட்டேன்.

“மெஹர்க்கா, இதையெல்லாம் கதையா எழுதட்டுமா?”

“எழுதேன். ஃபார்ம் எங்க?”

கேலி. வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் வீட்டுக்குப் போய் ஒன்றரைப் பக்கத்தில் தமிழில் ஒரு படிவம் எழுதினேன். பெயர் மறைக்கப்படும். எந்த நேரத்திலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகும்வரை சேர்ந்ததை நான் பயன்படுத்தலாம், அதற்குப் பின் நடப்பதைப் பயன்படுத்தக் கூடாது. எல்லாம் அவர்கள் படிவத்தைப் பார்த்து எழுதியதுதான். சொந்தமாக எழுத எனக்குத் தைரியம் இல்லை. கையெழுத்துக் கோடு ஒன்று மட்டும் போட்டேன். சாட்சிக்கு இடம் விட மறந்துவிட்டேன்.

அந்தப் படிவம் பதினோரு மணி நேரம் உயிரோடு இருந்தது.

6

வியாழக்கிழமை ஹேடோ ஜெட்டிக்குப் போகலாம் என்பது மெஹருன்னிசாவின் யோசனை. சென்னைக் கப்பல் அன்று வருகிறது. இறங்கும் ஆள் தீவில் ஒருவரோடும் பழகுவதற்கு முன் பிடித்துவிட வேண்டும். மீனை வலையிலிருந்தே வாங்குவது மாதிரி. நான் பண்ணைக்கு லீவு சொன்னேன். காலை ஏழு மணிக்கு வேலி ஓரத்தில் நின்றோம். வினோத்குமார் கோப்போடு வந்துவிட்டார்.

கப்பல் தாமதம். அவள் என் படிவத்தை நின்றபடியே முழுதும் படித்தாள். தமிழ் என்பதால் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். “சாட்சி?”

“வேணாங்க்கா.”

“அன்வரு?”

“வேணாம்.”

கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முதல் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் படித்தாள். அடையாளம் தெரியாமல் இருக்கப் பட்டன் கடையை பேக்கரி ஆக்கியிருந்தேன்.

“இது யாரு?”

“நீங்கதாங்க்கா. மறைச்சிருக்கேன்.”

“பேக்கரிக்காரி எதுக்கு அவன் சட்டையைப் பாத்துத் தவிக்கணும்? பேரை மாத்து, கடையை மாத்தாதே. மெஹருன்னிசான்னு போடு, நல்லாயிருக்கு. எப்படியும் போர்ட் பிளேர்ல படிக்கறவங்களுக்கு ரெண்டாவது வரியில தெரிஞ்சுரும். தெரியாத ஊர்க்காரங்களுக்கு எந்தப் பேரா இருந்தா என்ன?”

“அந்த நாற்பது நிமிஷத்துல என்னதான் சொல்லப் போறீங்க?” என்று கேட்டேன். இதைக் கேட்டதும் வினோத்குமார் கோப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஒப்புதல் இல்லாமல் கேட்பது விதிமீறல். கடல் தாண்டி அவர் கேட்க வந்ததே இதைத்தான். முப்பது அடி தள்ளி முதுகைக் காட்டி நின்று கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னது:

“காவலே வேணாம்னு சொல்ல மாட்டேன் சுதா. எனக்கு வேணும். நாகராஜண்ணன் இடுப்பைப் புடிச்சாரே, அது காவல். நான் நல்லா இருக்கற நாளு பாத்து ஒரு பேப்பர் எழுதித் தர்றேன். தூங்காம, வேகமாப் பேசிக்கிட்டு, எதுக்கெடுத்தாலும் சிரிச்சுக்கிட்டு நான் வந்தா அன்னைக்கு என் கையெழுத்தை வாங்காதீங்க. அன்வரு போட்டாலும் வாங்காதீங்க. அன்னைக்கு யாரைக் கூப்பிடணும்னு நானே பேரு எழுதுவேன். சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தேன்னா, இவளுக்குப் புரியலைன்னு எழுதிராதீங்க, நாலு நாளு கழிச்சு வந்து கேளுங்க. மத்த நாளெல்லாம் என் கையெழுத்து ஒண்ணு போதும். நோவு முத்திப் போயிருந்த அன்னைக்கு ஒரு கையெழுத்துக்கு இருபத்துமூணு டிக்கெட்டைத் தூக்கிக் குடுத்தாங்க. இன்னைக்குப் பாரு, வாயைத் தொறக்கவே கப்பல் வரணும்னு நிக்கிறேன்.”

கப்பல் வந்தது. மூன்று நாள் கடல் அலைத்த முகத்தோடு சரசு என்ற ஒரு நடுவயது அம்மாள் முறுக்கு டின்னோடு இறங்கினார். ஓய்வுபெற்ற டீச்சர், தமிழும் ஆங்கிலமும் படிப்பார், தீவுக்கு முதல் தடவை. வினோத்குமார் பேனாவைத் திறந்தார்.

“அம்மா, ஒரு சின்ன உதவி,” என்றாள் மெஹருன்னிசா.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, நீ அந்தப் பட்டன் கடைப் பொண்ணுதானே? ஹட் பே பிக்னிக்! என் தங்கச்சி உங்க சந்துலதான் இருக்கா. ஃபோட்டோ அனுப்புனாளே, மஞ்சத் துப்பட்டா! என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போம்மா.”

வினோத்குமார் பேனாவை மூடினார். மெஹருன்னிசா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும் வரை. சிரிப்பு கொஞ்சம் நீண்டபோது அவர் முகம் மாறியது. அதைக் கவனித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

“பயப்படாதீங்க தம்பி. இது சும்மா சிரிப்பு.”

7

இனி முடிவு. நான்கு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) அன்வர் எங்கிருந்தோ, தொலைவில் உள்ள கேம்பல் பே ஊர் நண்பன் ஒருவனைப் பிடித்து வருகிறான். அவன் இவளைத் தெரியாது என்று சத்தியம் செய்கிறான். தெரியும் என்று அவளே சொல்லிவிடுகிறாள்.

(ஆ) வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவள் இந்திப் படிவத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி, தானே வாய்விட்டுப் படிக்கிறாள். படிக்கத் தெரிந்தவருக்குச் சாட்சி தேவையில்லை. எனக்கு இது பிடிக்கும். வாத்தியாருக்கு இன்னும் பிடிக்கும். அதனாலேயே சந்தேகம். பதினான்கு பக்கம், முப்பது நிமிடம். வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

(இ) வினோத்குமார் கோப்பை மூடி வைத்துவிட்டு, நாற்பது நிமிடம் வெறுமனே உட்கார்ந்து கேட்கிறார். எதையும் பயன்படுத்த முடியாது. ஆனாலும் கேட்கிறார்.

(ஈ) அறிக்கை வெளிவருகிறது. அதில் ஒரு வரி: ‘தீவில் தமிழ் பேசும் பங்கேற்பாளர்கள் ஆர்வம் காட்டவில்லை.’

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. காரணம் வியாழக்கிழமை மாலை ஆறு மணி. வகுப்பு விட்டு இறங்கும் படிக்கட்டில் அவள் நின்றாள்.

“சுதா, நாளைக்கு என்ன நடந்தாலும் அது உன் கதையில வேணாம். நான் விலகிக்கறேன். அவ்வளவுதான்.”

“ஏன்க்கா?”

“ஃபார்ம்ல என்ன எழுதியிருக்கே?”

நான் பையைத் தோளில் சரிசெய்தேன்.

“சொல்லு புள்ள. உன் எழுத்துத்தானே.”

“காரணம் சொல்ல வேண்டியதில்லைன்னு.”

“ம்.” அவள் படியிறங்கினாள். இரண்டு படி கீழே போய்த் திரும்பி, “கேக்க மாட்டேல்ல?” என்றாள்.

“மாட்டேன்.”

கதையின் வாலை அவள் அறுத்துக்கொண்டு போன அந்த நிமிடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டாளைக் கூப்பிட்டுப் பேசலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அன்வர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருப்பான். பஸ்ஸில் சிப்பிகாட் வரும்வரை அந்த ஒரு நொடியை நினைத்து வெட்கப்பட்டேன். நான்கு வருடத்தில் அவளுடைய ஒற்றைக் கையெழுத்து செல்லுபடியானது என் ஒன்றரைப் பக்கத்தில் மட்டும்தான். இப்போது முடிவை எழுதினால் அங்கேயும் செல்லாது. அந்தச் சட்டைப் பட்டன் என்னவாயிற்று என்பதைக்கூட எழுத மாட்டேன்.

8

ஆகவே மிச்சம் இருப்பது அந்தச் சாட்சிக் கோடு ஒன்றுதான். அதை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

தமிழ் படிக்கிறீர்கள். அவளுக்குச் சொந்தமில்லை. மருத்துவமனையில் வேலை பார்க்கவில்லை என்று நம்புகிறேன். இந்தக் கதையின் முதல் வரியில் நின்றபோது அவளை உங்களுக்குத் தெரியாது. தீவு முழுக்கத் தேடியும், கப்பல்வரை போயும் கிடைக்காத ஆள் நீங்கள்தான். அப்போதே நிறுத்தி உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். என் தவறு. கதை சொல்லிக் கெடுத்துவிட்டேன். இப்போது உங்களுக்கு அவளைத் தெரியும். மஞ்சள் துப்பட்டா தெரியும், கம்பித் தடுப்பு தெரியும், அவள் ஜெட்டியில் என்ன சொன்னாள் என்று தெரியும். விதிப்படி நீங்களும் தகுதி இழந்துவிட்டீர்கள்.

ஒருத்தியை அறிந்துகொள்வது அவளுக்குச் சாட்சி சொல்லத் தடையா, தகுதியா என்பதை நான் முடிவு செய்ய முடியாது. எனக்கு ஏற்கெனவே தகுதியில்லை. நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு வரியும், கோடும் கீழே இருக்கின்றன. போடலாம், போடாமல் விலகலாம், காரணம் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும்: நீங்கள் எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டீர்கள். அன்வர் படிக்கவில்லை. அவன் கையெழுத்து செல்லும்.

மெஹருன்னிசா சொன்னதை நான் கேட்டேன்.

சாட்சி: ______________